அசனக் குழம்பும் என் பெயர் வெட்டிய பாட்டிலும்

எவர்சில்வர் பாட்டிலை யாராவது என்னிடம் நீட்டினால் உடனே வாங்கிக் குடித்துவிட மாட்டேன். காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவேன். தண்ணீர் குலுங்கும் சத்தம் வேறு, கறிக்குழம்பு குலுங்கும் சத்தம் வேறு. தண்ணீர் சிரிக்கும், குழம்பு முனகும். உள்ளே எலும்பு கிடந்தால் ‘டொக்’ என்று அதுவே சாட்சி சொல்லிவிடும். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் அலுவலகம் ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே சொல்லிவிடுவேன் என்று ஒரு காலத்தில் பெருமை பேசித் திரிந்தேன். கர்த்தர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என் மகள் பெனிட்டா. கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படித்தவள். ஆராய்ச்சிக் குழு ஒன்றோடு படகில் போய் மன்னார் வளைகுடாத் தீவுகளில் கரை ஒதுங்கும் குப்பையைப் பொறுக்கி எடைபோடுவது அவள் உத்தியோகம். (“பிள்ளை என்ன வேலை பாக்குது?” என்று சொந்தக்காரர்கள் கேட்டால் ‘ஆராய்ச்சி’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.) ஒருநாள் செத்து ஒதுங்கிய ஆமையை அறுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். அதன் குடலில் நீலநிறப் பாட்டில் மூடிகள் இருந்தனவாம். அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

“முத்துக் குளிச்ச கடல்ப்பா இது. இப்ப முங்கினா மூடிதான் கெடைக்கும்” என்றாள்.

அதிலிருந்து வீட்டில் நான் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தால் பிரசங்கம்தான். “ஒரு பாட்டில் செய்ய எண்ணெய் வேணும். அதைச் சுமந்துட்டு வர லாரி வேணும், லாரிக்கு டீசல் வேணும். நீங்க குடிக்கிறது அஞ்சு நிமிஷம். அப்புறம் அது கடலுக்குப் போவும். மக்காது. உடையும், தூளாகும், மீன் திங்கும். அந்த மீனை நீங்க திம்பீங்க. ஆக, குடிச்ச பாட்டிலை நீங்களேதான் தின்னு முடிக்கணும்.”

நான் வஞ்சிரத்தைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினேன். (பிறகு சாப்பிட்டுவிட்டேன்.)

“அப்ப ஸ்டீல் பாட்டில் வாங்கிருவோமா?”

“வாங்கினா மட்டும் பத்தாது. அதைச் செய்யவும் இரும்பு உருக்கணும், கரண்ட் ஆகும். வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப உபயோகிச்சாத்தான் பூமிக்கு லாபம். வாங்கி பீரோவுக்குள்ள வச்சா, அதுக்கு பிளாஸ்டிக்கே மேல்.”

இந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. மூளைக்குப் போகவில்லை. ஏனென்றால் மூளை முழுக்க வேறொரு விஷயம் நிறைந்திருந்தது: பெனிட்டாவின் கல்யாணம். எந்த ஜாதகத்தையும், அதாவது எங்கள் வழக்கப்படி எந்தப் போட்டோவையும், அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அப்போதுதான் சாயர்புரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் டேவிட், கப்பலில் இன்ஜினியர். அப்பா ஆசீர்வாதம் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பெண் பார்ப்பது என்று வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜி தின்பதெல்லாம் பெனிட்டாவுக்குப் பிடிக்காது என்பதால், சாத்தான்குளம் பக்கத்திலுள்ள எங்கள் சொந்த ஊரில் நடக்கும் அசனத்துக்கு அவர்கள் சும்மா வருகிற மாதிரி வருவது, இவளும் சும்மா நிற்கிற மாதிரி நிற்பது என்று ஏற்பாடு.

“வாரேன். ஆனா அந்த அசனத்துல ஒரு பிளாஸ்டிக் பாட்டில்கூட என் கண்ணுல படக்கூடாது. பட்டா அப்படியே பஸ் ஏறிருவேன்” என்றாள்.

அசனம் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் பண்டிகை ஆராதனை முடிந்ததும் ஊருக்கே சமைத்துப் போடும் விருந்து அது. பெரிய பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வேகும். இதில் எங்கும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: அசனக் குழம்பில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் யாரும் நகர மாட்டார்கள். மறுநாள் காலை இட்லிக்கு அது இல்லையென்றால் பண்டிகை முடிந்ததாகவே அர்த்தமில்லை. அந்தக் காலத்தில் தூக்குவாளி கொண்டுவந்தார்கள். இப்போது பாலித்தீன் கவர். சுடச்சுடக் குழம்பை அதில் ஊற்றி, முடிச்சுப் போட்டு, கடையில் வண்ணமீன் வாங்கிப் போகிறவர்களைப் போல ஊரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அதனால்தான் அது என் கண்ணில் படவேயில்லை.

சபையின் அசனக் கமிட்டியில் நானும் ஓர் உறுப்பினர். கூட்டத்தில் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். உடனே செல்வராஜ் அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். தண்ணீர் ஏஜென்சி நடத்துபவர். வருஷா வருஷம் அசனத்துக்குத் தண்ணீர் பாட்டில் அவருடைய உபயம்.

“ஏலே ஜெபசிங்கு, எந் தண்ணியில என்னலே விஷமா இருக்கு?”

“தண்ணியில இல்ல அண்ணாச்சி. பாட்டில்தான் விஷம்.” (இந்த வசனத்தைக் குளியலறையில் இரண்டு நாள் பழகியிருந்தேன்.)

“அப்ப பேப்பர் கப்புல குடிக்கட்டும்.”

“அதுக்குள்ளயும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கு அண்ணாச்சி.”

“சபைக்குன்னு எவர்சில்வர் டம்ளர் கெடந்துதே?”

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். பாட்டில் பழக்கம் வந்தபிறகு அந்த டம்ளர்களெல்லாம் ஒவ்வொன்றாக ஊர் வீடுகளில் குடியேறிவிட்டன. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் வீட்டில் சபை டம்ளரில்தான் காப்பி.

“ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில். என் உபயம். டிரம்முல தண்ணி வச்சிருவோம். பிடிச்சுக் குடிக்க வேண்டியதுதான்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ரூத் பெரியம்மை, உறவில் எனக்குப் பெரியம்மை முறை, மெல்லக் கேட்டாள்: “ஏலே, அந்தப் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டு போலாமா?”

“தாராளமா பெரியம்மை. உங்களுக்குத்தான்!”

“மூடி இறுக்கமா இருக்குமா? சிந்தாதே?”

“ஒரு சொட்டு சிந்தாது.”

பெரியம்மை சிரித்தாள். பெனிட்டாவின் இயக்கத்துக்கு ஊரில் கிடைத்த முதல் ஆதரவு என்று நினைத்து நானும் சிரித்தேன்.

பாட்டில்கள் வந்தன. கைவிட்டுக் கழுவ வசதியாக வாய் அகலமாக இருக்க வேண்டும் என்று பெனிட்டா சொல்லியிருந்தாள். நான் அதைவிட அகலமாகத் தேடி வாங்கினேன். ஒவ்வொன்றிலும் “உபயம்: சா. ஜெபசிங், தூத்துக்குடி” என்று பெயர் வெட்டச் சொல்லியிருந்தேன். (தாழ்மையைப் பற்றிய வசனம் ஒன்றையும் சேர்க்கலாம் என்று பார்த்தேன். என் பெயரைப் பெரிதாகப் போட்டபிறகு இடமில்லை.) ஒவ்வொரு பாட்டிலும் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வந்திருந்தது. பெனிட்டா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நானும் மனைவி கிரேஸும் உறைகளை உரித்து, மூட்டை கட்டி, கட்டிலுக்கடியில் திணித்தோம். இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்த கிரேஸ், “ஏங்க, இது பாட்டில் மாதிரி இல்லியே. குழம்பு டப்பா மாதிரில்லா இருக்கு?” என்றாள்.

“உனக்கு எல்லாத்துலயும் அடுப்பங்கரைதான் ஞாபகம்” என்றேன். இந்தப் பதிலை அவள் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அசனத்தன்று கத்தரி வெயில். தேரிக்காட்டுச் செம்மண்ணில் செருப்பில்லாமல் கால் வைத்தால் பாவிகளுக்கு நரகம் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். ஆராதனை முடிந்ததும் ஐயர் (எங்கள் பக்கம் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) பாட்டில்களுக்காக ஜெபித்தார். வாசலில் நின்று ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். சாயர்புரத்துக் கார் வந்து நின்றது. ஆசீர்வாதம் சார் இறங்கினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலை. ஒரு புள்ளி அழுக்கில்லை. பக்கத்தில் டேவிட், அடக்கமான பையன். பெனிட்டா நீலச் சேலையில் வாசலில் சும்மா நின்றாள். எங்கும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில்கூட இல்லை என்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

சாரை நிழலில் உட்காரவைத்தேன். பந்தலின் அந்தக் கோடியில், தண்ணீர் டிரம்கள் இருக்கும் திசையில், ஊரே பாட்டிலும் கையுமாக வரிசையில் நின்றது. தள்ளுமுள்ளு இல்லை. சத்தம் இல்லை. முகத்தில் ஒரு பக்தி.

“பாத்தீங்களா சார், ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னா கேக்கத்தான் செய்யிறாவ. தண்ணிக்கு எவ்வளவு ஒழுங்கா நிக்கிறாவ பாருங்க.”

“ரொம்ப நல்ல காரியம்” என்றார் சார். என் கண் கலங்கிவிட்டது.

டிரம்களுக்கு நேர் பின்னால்தான் குழம்பு அண்டா என்பது அந்தக் கண்ணீரில் தெரியவில்லை. பந்தி முடிந்து போனால் அடிக்குழம்புதான் மிஞ்சும்; இம்முறை நல்ல பாத்திரமும் முன்னாலேயே கைக்கு வந்துவிட்டது; எனவே சாப்பிடுவதற்கு முன்பே பிடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஊர் முடிவெடுத்திருந்தது. அசன வீட்டில், அகல வாயும் இறுக்கமான மூடியும் வைத்து, பெயரும் வெட்டி, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஒரு எவர்சில்வர் பாத்திரத்தைக் கொடுத்தால் அது எதற்கு என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். கமிட்டி உறுப்பினருக்குத்தான் தெரியவில்லை.

பந்தி ஆரம்பித்தது. அன்று மிளகாய்க்கும் ஏதோ அபிஷேகம் நடந்திருந்தது போல, குழம்பு நெருப்பு. நாலு கவளம் உள்ளே போனதும் ஆசீர்வாதம் சாருக்கு விக்கல் எடுத்தது.

“தண்ணி...” என்றார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர்களுக்கென்று தனியாக எடுத்துவைத்த பாட்டில்களை அழகான பையில் போட்டுக் காரில் வைத்துவிட்டேன். இலைக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. டம்ளர் இல்லை, கப் இல்லை. எல்லாவற்றையும் ஒழித்தவன் நான்தான்.

“விக்!” என்றார் சார், இம்முறை இலை நடுங்கும்படி. பெனிட்டா என்னைப் பார்த்தாள். டேவிட் எழுந்தான். நான் பாய்ந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு பாட்டில் இருந்தது. தூக்கினேன். கனமாக இருந்தது, நிறைந்திருந்தது. வேறென்ன வேண்டும்? மூடியைத் திருகித் தளர்த்தி நீட்டினேன்.

சார் பழைய கால மனுஷர். பொதுப் பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்க மாட்டார். எச்சில் படாமல் அண்ணாந்து, உயரத்திலிருந்து ஊற்றித்தான் குடிப்பார். விக்கலில் கண்ணெல்லாம் நீர். மூடியை எடுத்தார், தலையை முழுதாகப் பின்னால் சாய்த்தார், வாயைத் திறந்தார், பாட்டிலைக் கவிழ்த்தார்.

அதே நொடியில் பின்னாலிருந்து ரூத் பெரியம்மையின் குரல்: “ஏலே ஏலே! அது என் குழம்புலே!”

அகல வாய் பாட்டிலின் அருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒழுகவில்லை, மொத்தமாக இறங்கியது. முகம், மூக்குக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, எல்லாம். கடைசியாக ஒரு நல்லி எலும்பு நெற்றியில் பட்டுத் தெறித்து மடியில் விழுந்தது. நல்லவேளை, குழம்பு ஆறியிருந்தது.

விக்கல் நின்றுவிட்டது. அதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

பிறகு, “கண்ணு! கண்ணு எரியுதே!” என்று கத்தினார்.

எங்கள் ஊர்க்காரர்கள் இரக்கமுள்ளவர்கள். பத்துப் பதினைந்து கைகள் பாட்டிலை நீட்டின. ஒன்றைத் திறந்தேன்: குழம்பு. இன்னொன்று: குழம்பு. மூன்றாவதில் குழம்பே இல்லை, வெறும் கறி. எந்த மேதை பிடித்தானோ. நான்காவது தண்ணீர் மாதிரி மெலிதாகக் குலுங்கியது. ஆவலோடு சரித்தேன்.

“ஐயையோ அத ஊத்தாதிய, மொளவு ரசம்!” என்றது ஒரு குரல். ஒவ்வொரு பாட்டிலிலும் என் பெயர் என்னைப் பார்த்துப் பளபளத்தது.

“அப்பா, தள்ளுங்க!” என்று பெனிட்டா சாரின் கையைப் பிடித்துத் தண்ணீர் டிரம்மை நோக்கி இழுத்தாள். நடுவில் பந்திக் கூட்டம். வழியில்லை. அப்போது முன்னால் வந்து நின்றார் செல்வராஜ் அண்ணாச்சி. கையில் பிளாஸ்டிக் பாட்டில். அவருடைய வண்டி காலையிலிருந்து முழு லோடோடு மதிலுக்கு வெளியே நின்றிருக்கிறது. மனுஷர் எங்கள் ஊரை என்னைவிட நன்றாக அறிந்தவர்.

“ஏலே ஜெபசிங்கு, இது தண்ணிதாம்லே. வெளிய இருந்தே தெரியும், பாத்துக்க.”

பெனிட்டா ஒரு கணம் அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். அந்த நீல மூடியைப் பார்த்தாள். பிறகு அதைத் திருகி உடைத்து, சாரின் கண்ணில் தண்ணீரை ஊற்றினாள். இன்னொன்று வாங்கினாள். இன்னொன்று. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

அதன்பிறகு அண்ணாச்சியின் வண்டியிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்கியது. தாகத்தில் தவித்த ஊர் குடித்தது, குழம்பு பட்ட கையைக் கழுவியது, பெஞ்சைக் கழுவியது, முற்றத்தைக் கழுவியது. எங்கள் சபை வரலாற்றில் அவ்வளவு பிளாஸ்டிக் பாட்டில் என்றைக்கும் செலவானதில்லை. பிளாஸ்டிக்கை ஒழிக்க நான் எடுத்த முயற்சியின் விளைச்சல் முற்றம் முழுக்க உருண்டு கிடந்தது.

டேவிட் என்ன செய்தான் என்றா கேட்கிறீர்கள்? சிரித்தான். பெற்ற அப்பா குழம்பில் ஊறி நிற்கும்போது, தூணைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகு ஒரு சாக்கை எடுத்து, பெனிட்டாவோடு சேர்ந்து காலிப் பாட்டில்களைப் பொறுக்க ஆரம்பித்தான். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை. பெரியம்மை வேறு என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங் குழம்புக்கு என்னலே பதில்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆசீர்வாதம் சாருக்கு என்னுடைய மாற்றுச் சட்டையைக் கொடுத்தோம். வயிற்றருகே பொத்தான் எட்டவில்லை. கார் கதவை மூடும்போது, “வாரேன்” என்றார். அவ்வளவுதான். மீசையில் ஒட்டியிருந்ததை நாக்கால் தொட்டுக்கொண்டார் என்று கிரேஸ் சொன்னாள். நான் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நான்தான் ஆரம்பித்தேன்: “பாப்பா, அப்பா உனக்காகத்தான்...”

“எனக்காகன்னா எதுக்கு ஒங்க பேரு வெட்டினீங்க?” என்று கேட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் போன் அடித்தால் கிரேஸை எடுக்கச் சொன்னேன், அடிக்காவிட்டால் வேலை செய்கிறதா என்று நானே எடுத்துப் பார்த்தேன். சம்பந்தம் போனதுகூடப் பரவாயில்லை, சாயர்புரத்திலிருந்து நாசரேத்துவரை என் பிள்ளையை ‘குழம்பு ஊத்தினவன் மகள்’ என்றல்லவா சொல்வார்கள் என்று கிடந்து உருண்டேன். கடைசியில் ஒரு சாயங்காலம் ஆசீர்வாதம் சாரே வந்தார், என் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு. கிரேஸ் விவரமானவள், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குடித்தார்.

“எம் பையனுக்குப் பிடிச்சிருக்காம்” என்றார். “கண்ணுல தண்ணி ஊத்தும்போது கை நடுங்காத பிள்ளை, கப்பல்காரனுக்குச் சரியா இருக்கும்ங்கான். ஒங்க மக என்ன சொல்லுதா?”

உள்ளேயிருந்து பெனிட்டா வந்தாள். “எனக்கும் சம்மதம்தான் மாமா. ஆனா ஒரு கண்டிஷன்.”

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்க அப்பா இனிமே எதுக்கும் உபயம் பண்ணக் கூடாது.”

“இதை நானே கேக்கணும்னுதான் வந்தேன்” என்றார் சார்.

கல்யாணம் நடந்தது. தண்ணீருக்குப் பாட்டிலே இல்லை. வாடகைக்கு எவர்சில்வர் டம்ளர் எடுத்து, பந்திக்குப் பந்தி கழுவ ஆள் வைத்து, முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுத்தாள் பெனிட்டா. இவ்வளவுதான் விஷயம். இதற்கா அத்தனை பாட்டில் வாங்கினேன்?

அடுத்த வருஷ அசனத்தில் அண்ணாச்சியின் பிளாஸ்டிக் பாட்டில்கள் வழக்கம்போல வந்து இறங்கின. கமிட்டியில் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால், “குழம்பு வேணுமாலே?” என்கிறார்கள். ஆனால் குழம்பு வரிசையைப் பார்த்தபோது பெனிட்டா என் தோளைத் தட்டினாள். ஒரு கையில்கூட பாலித்தீன் கவர் இல்லை. ஊர் முழுக்க என் பாட்டிலோடு நின்றது. அடி நெளிந்து, மஞ்சள் கறை ஏறி, என் பெயரில் பாதி தேய்ந்து.

“பாத்தீங்களாப்பா, தெனமும் உபயோகத்துல இருக்கு. பூமிக்கு லாபம்தான்” என்றாள். பாராட்டா கிண்டலா என்று இன்னும் தெரியவில்லை. வரிசையின் முதலில் நின்ற பெரியம்மை கையில் இரண்டு பாட்டில்கள். அன்று சிந்தியதற்குப் பதில் என்று என்னிடம் இன்னொன்று வாங்கிவிட்டாள்.

எங்கள் வீட்டில் இப்போது யார் தண்ணீர் கேட்டாலும், “தண்ணியா, குழம்பா?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். சம்பந்தி வரும்போதெல்லாம் நான்தான் பாட்டிலை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது அவர் வைத்த சட்டம். உள்ளங்கையை நீட்டுவார்.

“மொதல்ல இதுல ரெண்டு சொட்டு ஊத்தும், சம்பந்தி.”

ஊற்றுவேன். உற்றுப் பார்ப்பார், முகர்வார், நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார். மொத்தக் குடும்பமும் சுற்றி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

“தண்ணிதான்” என்பார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.